மூன்றாம் கவர்

அரியலூர்,
9.6.2024

தங்கச்சி தனத்துக்கு அண்ணன் காசிநாதன் எழுதுவது.

இங்கே நானும் உன் அண்ணி பூங்காவனமும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் மருமகள் பூவிழியும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் போட்டால் நீ எடுப்பதில்லை. பதினான்கு வருடமாக இப்படித்தான். அதனால் தபாலில் எழுதுகிறேன்.

கிழக்கு வயலில் பண்ணைக் குட்டை வெட்ட அனுமதி கிடைத்தது. போன வாரம் பொக்லைன் வைத்து வெட்டினோம். மேல் மண் போனதும் வெள்ளைப் பாறை வந்தது. அதை உடைத்தபோது அடியில் எலும்புகள் கிடந்தன. வண்டிக்காரர் இறங்கிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஊரே வயலில் நின்றது. பிறகு போலீசும் வந்தது.

கூட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. அது உன் காதுக்கு வரும். அதற்கு முன்னால் என் எழுத்தில் ஒரு சேதி வரட்டும் என்றுதான் இது. அந்த எலும்புகள் கல்லாகிக் கிடக்கின்றன. கையில் எடுத்தால் அம்மிக் குழவி மாதிரி கனக்கிறது. திருச்சியில் பாறை ஆராய்ச்சி செய்யும் மணிமொழி என்ற பெண் வந்து பார்த்தார். நம் பக்கம் கடலாக இருந்த காலத்து எலும்பு என்கிறார்.

பூவிழி என்ன படிக்கிறாள்? இரண்டு வரியாவது எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

காசிநாதன்


பெரம்பலூர்,
24.6.2024

திரு. காசிநாதன் அவர்களுக்கு,

நானும் மகளும் நலம்.

உங்கள் கடிதத்துக்கு முன்பே சேதி வந்துவிட்டது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த பெண் சொன்னாள். சொல்லிவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள். மறுநாள் என் மாமியார் வீட்டார் வந்தார்கள். எலும்பு கிடைத்துவிட்டதே, இன்னும் எதற்குத் தாலி என்று கேட்டார்கள். பூவிழி அவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் அறிவழகன் 2010 ஆடியில் உங்களைப் பார்க்க அந்த வயலுக்கு வந்தார். அதன் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. இதை நான் புதிதாகச் சொல்லவில்லை.

எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். கிழக்கு வயலில் எந்த மூலை? அவர் காணாமல் போன வருடம் அங்கே மண் அடித்து மேடு கட்டினீர்கள். எதற்காக? எலும்பு கல்லாகிவிட்டது என்று சொல்ல ஒரு பெண் வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அவரை யார் அழைத்து வந்தது, நீங்களா, போலீசா?

தனம்


அரியலூர்,
5.7.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து நிம்மதி. அண்ணிக்கு மூட்டு வலி, மற்றபடி குறை இல்லை.

எலும்பு கிடைத்தது பனைமர மூலையில். மேடு கட்டியது, சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் புது ரோடு போட்டபோது மழைத் தண்ணீர் வயலுக்குள் பாய்ந்ததால். அது பனைமரத்துக்கு எதிர் மூலை. நீ வந்து பார்க்கலாம்.

மணிமொழியை நான் அழைக்கவில்லை. தாசில்தார் ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரும் பார்த்தார். மனித எலும்பு மாதிரி தெரியவில்லை, ஆனால் எல்லாம் துண்டு துண்டாக இருப்பதால் எழுத்தில் உறுதியாகத் தர முடியாது என்றார். அந்த ஒரு வார்த்தையை ஊர் பிடித்துக்கொண்டது.

மணிமொழி என்னைக் குழிக்குள் இறங்கச் சொல்லி ஓரத்தைக் காட்டினார். பாறை பலகை பலகையாகப் படிந்திருக்கிறது. எலும்பு இருந்த அடுக்குக்கு மேலே இன்னொரு பலகை.

"ஐயா, இந்தப் பலகை மெஷின் பட்ட இடத்தைத் தவிர எங்கயும் உடையல. இதை உடைக்காம இதுக்கு அடியில யாரும் எதையும் வச்சிருக்க முடியாது" என்றார்.

ஏழு கோடி வருடம் இருக்கும் என்கிறார். சொல்ல வாய் வருகிறது, மனதுக்குத்தான் பிடிபடவில்லை.

நீ வேறு ஏதாவது கேட்க நினைத்தால் கேள். எதுவானாலும் கேள்.

அண்ணன்
காசிநாதன்


பெரம்பலூர்,
29.7.2024

காசிநாதன் அவர்களுக்கு,

எங்களுக்கு ஒன்றும் குறைவில்லை. அண்ணிக்கு வைத்தியம் பார்க்கவும்.

ஏழு கோடி வருடத்தை யார் உட்கார்ந்து பார்த்தது? பூவிழியின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பாறையில் இந்த வகை ஓடு இருந்தால் அந்தப் பாறை இவ்வளவு பழையது என்று போட்டிருக்கிறது. ஓடு பழையது என்று எப்படித் தெரியும் என்றால், பழைய பாறையில் கிடைக்கிறதாம். இப்படிச் சுற்றிச் சுற்றிச் சொன்னால் நான் நம்ப வேண்டுமா? இன்றைக்கு ஒருவர் கோடி என்பார், நாளைக்கு இன்னொருவர் லட்சம் என்பார்.

இன்னொன்று. மணிமொழி வந்தது மெஷின் பாறையை உடைத்த பிறகு. போலீஸ் வருவதற்கு முன்னால் அந்தக் குழிக்குப் பக்கத்தில் நீங்கள் இருந்தீர்கள். முதலில் கிடைத்த எலும்பும் போலீஸ் எடுத்த எலும்பும் ஒன்றுதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் ஒரு வழி சொல்கிறேன். வயலில் எடுத்ததில் சில துண்டுகள் என் கைக்கு வர வேண்டும். நான் அவற்றை மூன்று கவரில் போட்டு ஒட்டி, மேலே எண் மட்டும் எழுதுவேன். எதில் என்ன இருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது, மணிமொழிக்கும்தான். வயதைக் கணக்கிட்டு நம் இருவருக்கும் எழுத்தில் தர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று நான் புரிந்துகொள்வேன்.

தனம்


திருச்சி,
14.8.2024

அன்புள்ள தனம் அக்காவுக்கு,

வணக்கம். நாம் பார்த்ததில்லை. நீங்களும் மகளும் நலமாக இருக்க விரும்புகிறேன். உங்கள் அண்ணன் உங்கள் கடிதத்தை என்னிடம் காட்டினார். போனில் பேசுவதைவிட எழுதுவதே உங்களுக்குப் பிடிக்கும் என்றார்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஓட்டை வைத்துப் பாறை, பாறையை வைத்து ஓடு என்று மட்டும் இருந்தால் நானும் நம்பமாட்டேன். எந்த ஓடு கீழே, எந்த ஓடு மேலே என்ற வரிசையைக் கால்வாயும் சுரங்கமும் வெட்டியவர்கள் இருநூறு வருடத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுக்கு வருடக் கணக்கு தெரியாது. அது பிற்பாடு வேறு வழியில் வந்தது. எரிமலைச் சாம்பலில் சின்னச் சின்னப் படிகங்கள் இருக்கும். அவற்றில் உள்ள யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாக ஈயமாக மாறும். அந்த வேகத்தை இன்றும் ஆய்வுக்கூடத்தில் அளக்கலாம். சூடாக்கினாலும் அழுத்தினாலும் அது மாறவில்லை. அதே சாம்பலில் பொட்டாசியம் ஆர்கானாக மாறுவது வேறொரு வேகத்தில் நடக்கிறது. இரண்டில் ஒன்று பொய் என்றால் இரண்டும் ஒரே வருடத்தைக் காட்டக் காரணமே இல்லை. ஊர் ஊராக, நாடு நாடாகப் பார்த்தும் அவை ஒத்துப்போகின்றன.

எப்போதும் அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில படிகங்கள் ஈயத்தை இழந்திருக்கும். அப்போது கணக்குகள் ஒன்றோடொன்று மோதும். மோதினால் அந்தத் துண்டை ஒதுக்கிவிட்டு ஏன் என்று தேடுவோம்.

உங்கள் வயலில் சாம்பல் இல்லை. எலும்போடு ஒட்டியிருக்கும் சிப்பி ஓட்டில் ஸ்ட்ரான்சியம் அளப்போம். கடல் நீரில் அதன் விகிதம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஓடு வளர்ந்த காலத்து விகிதம் ஓட்டிலேயே தங்கிவிடும்.

எலும்பு அண்மைக் காலத்தது என்றால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் சுலபம். 1950களிலும் 60களிலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் ஒரு வகைக் கார்பன் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. பிறகு வருடத்துக்கு வருடம் குறைந்தது. அதற்குப் பின் வளர்ந்த எந்த உயிரின் எலும்பிலும் அந்த அடையாளம் இருக்கும்.

உங்கள் மூன்று கவருக்கு முழுச் சம்மதம். எண் மட்டும் போதும். எங்களிடம் எதையும் சொல்லாதீர்கள்.

அன்புடன்
மணிமொழி


அரியலூர்,
22.9.2024

தங்கச்சிக்கு,

சுகம். நீயும் சுகம்தானே?

போலீஸ் அனுமதியோடு மணிமொழி உன் வீட்டில் துண்டுகளைக் கொடுத்துவிட்டு, மறு வாரம் கவர்களை வாங்கிப் போனதாகச் சொன்னார். நான் கையெழுத்து வேண்டிய இடத்தில் போட்டுக் கொடுத்தேன். என்ன வந்தாலும் உனக்கும் எனக்கும் ஒரே நாளில் அனுப்பச் சொல்லிவிட்டேன்.

மழை வந்து குட்டை பாதி வெட்டியபடி நிரம்பிவிட்டது. மீதி நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். பால் ஊற்றப் போனால் பேசிக்கொண்டிருப்பவர்கள் நிறுத்திவிடுகிறார்கள். அண்ணி கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டாள்.

பூவிழியைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீ எழுதவில்லை.

காசிநாதன்


திருச்சி,
18.12.2024

திரு. காசிநாதன் ஐயாவுக்கும் தனம் அக்காவுக்கும்,

வணக்கம். இரு வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதே கடிதம் உங்கள் இருவருக்கும் போகிறது.

முதல் கவரிலும் இரண்டாம் கவரிலும் இருந்தவற்றில் எலும்பின் புரதம் சிறிதும் மிஞ்சவில்லை. கார்பனை அளக்க அதில் ஒன்றும் இல்லை. ஒட்டியிருந்த ஓடுகள் இரண்டும் அளவுப் பிழைக்குள் ஒரே விடையைத் தந்தன. சுமார் ஏழு கோடி ஆண்டு. வயலில் கிடைத்த கடல் சுருள்நத்தைகளின் வகையும் அதே காலத்தைச் சொல்கிறது. விலங்கு எலும்பு படிக்கும் நண்பர் இது கடலில் வாழ்ந்த பெரிய ஊர்வன இனம் என்கிறார்.

மூன்றாம் கவர் வேறு. அதில் இருந்தது கல் இல்லை, எலும்பு. அணுகுண்டுக் கார்பனின் அடையாளம் தெளிவாக இருக்கிறது. 2010ஐ ஒட்டிய சில வருடங்களில் இறந்த உயிர். எந்த உயிர் என்று இந்தச் சோதனை சொல்லாது.

அக்கா, கவர்களைத் தயாரித்தவர் நீங்கள். இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே எழுதுங்கள்.

மணிமொழி


அரியலூர்,
11.1.2025

தனத்துக்கு,

மணிமொழி எழுதியதை நீயும் படித்திருப்பாய். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

கடிதத்தை அண்ணிதான் படித்துக் காட்டினாள். மூன்றாம் கவர் என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். நான் வாங்கிப் படித்தேன். மாப்பிள்ளை என் வயலில் கிடந்திருக்கிறார், அது தெரியாமல் அவர்மேல் நான் இத்தனை வருடம் ஏர் ஓட்டியிருக்கிறேன் என்று தோன்றியது. யார் கொண்டுவந்து போட்டார்கள், எப்போது போட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். கடிதத்தைக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் என்னைச் சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்தார். கடைசியாக, என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

"முழு வயலையும் தோண்டுங்க சார். பாதியில நிறுத்த வேணாம்" என்று எழுதிக் கொடுத்தேன்.

தாசில்தார் முன்னால் தோண்டினார்கள். மக்காச்சோளம் கதிர் முற்றி நின்றது. அறுக்க நேரம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பாறை வரை போனார்கள். கல்லும் சிப்பியும்தான் வந்தன. அவர் கிடைக்கவில்லை. மேட்டையும் பிரித்தாயிற்று. இன்னும் வடக்கு வரப்பு ஓரம் பாக்கி.

பூவிழியிடம் நீயே பக்குவமாகச் சொல். எதுவும் தெளிவாகும் வரை தாலி விஷயத்தில் யார் பேச்சையும் கேட்காதே.

காசிநாதன்


திருச்சி,
27.1.2025

தனம் அக்காவுக்கு,

நலமா? மூன்று முறை போன் செய்தேன், எடுக்கவில்லை. உங்கள் அண்ணன் வயலைப் பார்த்துவிட்டு வருகிறேன். அந்த நிலத்தில் இனி இரண்டு மூன்று வருடத்துக்கு எதுவும் விளையாது.

நீங்கள் மூன்று கவர் கேட்டபோதே எங்களைச் சோதிக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆய்வுக்கூடங்களும் ஒன்றையொன்று இப்படித்தான் சோதிக்கின்றன. ஆனால் முடிவு வந்த பிறகு சோதித்தவர் வாய் திறக்க வேண்டும். மூன்றாம் கவரில் இருந்ததைப் பற்றி உங்களுக்கு மட்டும்தான் தெரியும். தயவுசெய்து எழுதுங்கள்.

மணிமொழி


பெரம்பலூர்,
3.2.2025

அண்ணனுக்குத் தனம் எழுதுவது.

பூவிழி கல்லூரியில் இரண்டாம் வருடம் தாவரவியல் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள்.

வடக்கு வரப்பைத் தோண்ட வேண்டாம். இன்று அரியலூர் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். உன் வீட்டுப் பக்கம் வரக் கால் வரவில்லை.

முதல் இரண்டு கவரில் இருந்தது வயல் கல். ஒரே துண்டைச் சுத்தியலால் இரண்டாக உடைத்துத் தனித்தனியே போட்டேன். வேறு வேறு வயது சொல்கிறார்களா என்று பார்க்க. மூன்றாவதில் போட்டது எங்கள் செவலை மாட்டின் விலா எலும்பு. 2011ல் செத்தது, கொல்லைத் தென்னையடியில் புதைத்தோம். அதற்கும் ஏழு கோடி என்று சொன்னால், சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்கிறார்கள் என்று பிடித்துவிடலாம் என்று நினைத்தேன். அவர்கள் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

கடிதம் கைக்கு வந்த அன்றே உனக்கு எழுதியிருக்கலாம். இதைப் படித்தால் நீ என்ன செய்வாய் என்று பார்க்கத் தோன்றியது. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். நீ ஸ்டேஷனுக்குப் போனாய் என்று தெரிந்தது. அது ஒரு நடிப்பாக இருக்கலாம் என்று நினைத்தேன். தோண்டுகிறார்கள் என்று தெரிந்தது. அவர் அங்கே இல்லை என்று உனக்குத் தெரியும், அதனால்தான் துணிந்து தோண்டச் சொல்கிறாய் என்று நினைத்தேன். எப்படிப் பார்த்தாலும் எனக்கு ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது.

நேற்று பூவிழி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "மூணாவது கவர்ல என்னம்மா வச்சே?" என்றாள். சொன்னேன். எழுந்துவிட்டாள். பிறகு, "மாமா எங்கப்பாவைத் தேடுறாங்கம்மா. நீ மாமாவைத் தேடிக்கிட்டு இருக்க" என்றாள்.

உன் வயலுக்கு நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அண்ணியிடம் எப்படிச் சொல்வாய் என்றும் தெரியவில்லை.

தனம்


அரியலூர்,
20.2.2025

தனம்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. பேனாவை எடுத்தால் கோபம்தான் வந்தது. அதனால் எழுதவில்லை. அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மாட்டெலும்பு என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதையும் எழுதிவிடுகிறேன். அவர் அங்கே கிடக்கவில்லை.

கல்லை எத்தனையோ கேள்வி கேட்டாய். அன்றைக்கு என்ன நடந்தது என்ற ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. நீ கேட்பாய், சொல்லலாம் என்று இத்தனை வருடம் இருந்தேன். இனி கேட்காமலே சொல்கிறேன். அன்றைக்கு அவர் வயலுக்கு வந்து, வெளிநாடு போக வேண்டும், உங்கள் தங்கச்சி சம்மதிக்க மாட்டேன் என்கிறாள், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்றார். தங்கச்சி வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றேன். சரி மச்சான் என்று சொல்லிவிட்டு ரோட்டுப் பக்கம் நடந்தார். சண்டை இல்லை. இதை அன்றே போலீசில் சொன்னேன். உன்னிடம் சொல்ல வந்தேன், நீ கதவைத் திறக்கவில்லை.

கல் என்றால் வேறு வேறு வழியில் சரிபார்க்கலாம் என்று மணிமொழி சொல்கிறார். நான் சொல்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. அன்று ஆண்டவர் என்பவர் களையெடுக்க வந்திருந்தார். இப்போது ஜெயங்கொண்டத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அவரைப் பார்த்து எனக்குப் பல வருடம் ஆகிறது. நீயே போய்க் கேள். நான் வர மாட்டேன்.

பூவிழிக்கு என் ஆசீர்வாதம்.

காசிநாதன்


பெரம்பலூர்,
4.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? மூட்டு வலிக்கு இங்கே ஒரு டாக்டர் நன்றாகப் பார்க்கிறார். அண்ணியை அழைத்து வா. நாங்கள் நலம்.

ஆண்டவரைப் பார்த்தேன். நீ எழுதியதைப் பற்றி ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை. அன்று நடந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னது நீ சொன்னதோடு ஒத்துப்போகிறது. சண்டை இல்லை என்றார், வெளிநாட்டுப் பேச்சுதான் என்றார். நீ எழுதாத ஒன்றையும் சொன்னார். நீ மோட்டார் நிறுத்தப் போய்விட்டாயாம். ஆண்டவர் வெற்றிலை வாங்க ரோட்டுக்குப் போயிருக்கிறார். பெரம்பலூர் பஸ் வந்து நின்றதாம், என் வீட்டுக்காரர் அதில் ஏறவில்லையாம்.

"வூட்டுக்குப் போகலியா தம்பின்னு கேட்டேன். லப்பைக்குடிக்காட்டுல ஒருத்தரைப் பார்க்கணும்னு சொல்லிட்டு, திட்டக்குடி பஸ்ல ஏறுனாரு" என்றார் ஆண்டவர். இத்தனை வருடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். யாரும் தன்னிடம் கேட்கவில்லை என்றார்.

அந்த ஊரில் அப்போது வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று இருக்கிறேன். பூவிழியும் வருகிறாள். என்ன தெரிய வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

உன்னை நம்புகிறேன் என்று எழுத உட்கார்ந்தேன், அண்ணா. கை வரவில்லை. அது வரும்போது வரட்டும், பொய்யாக எழுத மனமில்லை. ஆனால் அந்த ஊருக்கு நீ இல்லாமல் போகவும் மனமில்லை.

காலையில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம். வா.

தங்கச்சி
தனம்